ஒரு நாள் கைதட்டலும் ஏழாண்டுத் துணையும்

(அகமதாபாத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில், இளைஞர் கலைவகுப்புத் தீர்மானத்தை முன்மொழிந்து, செயற்குழு உறுப்பினரும் ரயில்வே எழுத்தருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை.)

 

நான் முன்மொழிய வந்திருக்கும் தீர்மானம் சிறியது. பொங்கல் விழாவுக்காக நம் சங்கம் ஆண்டுதோறும் திரட்டும் நிதியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து, நம் சாலிகளிலும் குடிசைப் பகுதிகளிலும் உள்ள பிள்ளைகளுக்குக் கலை கற்பிக்கும் வகுப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும். தொடங்கினால் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் அதை நடத்துவோம் என்று இன்றே உறுதி கூற வேண்டும். இவ்வளவுதான் தீர்மானம்.

இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து இரண்டு விதமான எதிர்ப்பு என் காதுக்கு வந்துகொண்டிருக்கிறது. "ஊரிலிருந்து மெல்லிசைக் குழுவை வரவழைப்பதுதான் வருஷத்தில் ஒரு சந்தோஷம், அதில் கைவைக்காதே" என்பது ஒன்று. "வேலைக்கு வழியில்லாத பிள்ளைக்குக் கூத்தும் பாட்டும் எதற்கு?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். கேட்டவர்கள் நம்முடைய தோழர்கள். ஆகவே இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நான் கீழே இறங்கப் போவதில்லை.

ஏன் இப்போது?

நம் பாட்டன்மார் இந்த ஊருக்கு மில் வேலைக்காக வந்தார்கள். 1980களில் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. அப்பன்மார் கூலிக்கும், சிறு பட்டறைகளுக்கும், இட்லிக் கடைக்கும் போனார்கள். 2020இல் மணிநகரில் இருந்த தமிழ்வழிப் பள்ளியும் மாணவர் குறைவு என்று மூடப்பட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சர் குஜராத் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதியும் பார்த்தார்.

பள்ளி என்றால் பாடம் மட்டுமல்ல, தோழர்களே. நம் பிள்ளைகள் தினமும் ஒன்றாகக் கூடிய ஒரே இடம் அது. இன்று அந்தப் பிள்ளைகள் எங்கே கூடுகிறார்கள்? கைப்பேசிக்குள் கூடுகிறார்கள். இந்த இதழையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தாத்தா படிக்கிறார். அப்பா தலைப்பைப் படிக்கிறார். பேரன் படத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறான். பேரனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்குப் பேச ஒரு மேடையும், பேசச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் நாம் கொடுத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.

இதே ஊரில் ஒரு பாடம்

இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்கா போக வேண்டியதில்லை. நரோடா போகும் வழியில், குபேர்நகர் பக்கம் போனால் போதும். அங்கே சாராநகர் இருக்கிறது. ஆட்டோக்காரர் அந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்ப்பார். நம்மில் பலருமே அப்படித்தான் பார்க்கிறோம்.

சாரா மக்கள் யார்? 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தான். ஒருவன் திருடினால் திருடன் என்பது உலகத்து நியாயம். ஒரு சாதியில் பிறந்தாலே திருடன் என்பது அந்தச் சட்டத்தின் நியாயம். அப்படி முத்திரை குத்தப்பட்டவர்களில் சாரா மக்களும் ஒரு பிரிவினர். அவர்களைப் பிடித்து வந்து, வேலிக்குள் அடைத்து, பெயர் கூப்பிட்டு எண்ணிப் பார்த்துக் குடியிருக்க வைத்தார்கள். சுதந்திரம் வந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1952 ஆகஸ்ட் 31இல்தான் அந்தப் பட்டியலிலிருந்து விடுதலை கிடைத்தது. காகிதத்தில் கிடைத்தது. ஊரார் மனத்தில் கிடைக்கவில்லை. சாராநகர் என்று விலாசம் எழுதினால் வேலை இல்லை. வேலை கிடைக்காதவன் சாராயம் காய்ச்சினான். காய்ச்சினான் என்பதால் போலீஸ் வந்தது. போலீஸ் வந்ததால் பெயர் இன்னும் கெட்டது.

தமிழர்களாகிய நமக்கு இந்தக் கதை புதிதா? இதே சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்று சொன்னது இதைத்தான். ரேகை பதிய மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரைச் சீமையில் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டு, மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டார்கள். ஆகவே சாராநகரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்ளும் தகுதி நமக்குக் கிடையாது.

1998 பிப்ரவரியில் மேற்கு வங்கம் புருலியா மாவட்டத்தில் புதன் சபர் என்ற ஏழை, போலீஸ் காவலில் இறந்தார். அவரும் இதே முத்திரை குத்தப்பட்ட சபர் இனத்தைச் சேர்ந்தவர். தற்கொலை என்றது போலீஸ். சபர் மக்களோடு நெடுங்காலம் பாடுபட்ட எழுத்தாளர் மகாசுவேதா தேவி விடவில்லை. வழக்கு கல்கத்தா உயர்நீதிமன்றம் போனது. நீதிமன்றம் அதே ஆண்டில் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது, விதவைக்கு இழப்பீடும் கொடுக்கச் சொன்னது.

அந்த ஆண்டில்தான் மகாசுவேதா தேவியும், வதோதராவைச் சேர்ந்த பேராசிரியர் கணேஷ் தேவியும் சாராநகருக்கு வந்தார்கள். மேடை போட்டு, மாலை வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. அங்கே ஒரு சிறு நூலகம் தொடங்க உதவினார்கள். அந்த நூலகத்தில் கூடிய இளைஞர்கள் புதன் சபரின் வழக்கைப் படித்தார்கள். அவரை அவர்கள் கண்டதில்லை. ஆனால் போலீஸ் வந்து ஒருவனை இழுத்துப் போகிற காட்சி அவர்களுக்குத் தெரியாததா? அதை நாடகமாக்கினார்கள். விடுதலை கிடைத்த அதே ஆகஸ்ட் 31ஆம் நாள் சாராநகரிலேயே அரங்கேறியது. நாடகத்தின் பெயரே குழுவுக்குப் பெயராயிற்று: புதன் தியேட்டர்.

இதுவரை நான் சொன்னது தொடக்கம். தொடங்கிய குழுக்கள் நாட்டில் ஆயிரம் உண்டு. சாராநகரில் நாம் கற்க வேண்டியது, அதற்குப் பிறகு நடந்தது. குழு கலையவில்லை. அடுத்த ஆண்டும் நாடகம் போட்டார்கள், அதற்கு அடுத்த ஆண்டும் போட்டார்கள். சாலையோரத்தில் போட்டார்கள்; தங்கள் தெருவிலேயே போட்டார்கள். நாடகத்தை எழுதி இயக்கிய தக்ஷின் பஜ்ரங்கே அந்தச் சாராநகர்ப் பிள்ளைதான். முதலில் நடித்த இளைஞர்கள் மூத்தவர்களானதும் அடுத்த வரிசைச் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தச் சிறுவர்கள் வளர்ந்து இன்னும் சிறியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். சிலர் டெல்லியில் தேசிய நாடகப் பள்ளிக்குப் படிக்கப் போனார்கள். சிலர் பத்திரிகையாளர்கள் ஆனார்கள். சிலர் படம் எடுக்கிறார்கள். அவர்களைப் பற்றியே 2011இல் ஓர் ஆவணப்படம் வந்தது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது.

2018 ஜூலையில் ஓர் இரவு போலீஸ் பெரும் படையாகச் சாராநகருக்குள் புகுந்தது. அடிபட்டவர்கள் பலர், கைதானவர்கள் இருபதுக்கும் மேல். அந்த மக்கள் என்ன செய்தார்கள்? கல்லெடுக்கவில்லை. அமைதியாக ஊர்வலம் போனார்கள். பத்திரிகைக்காரர்களிடம் நடந்ததைக் கோவையாக எடுத்துச் சொன்னார்கள். வழக்குப் பேச அவர்களுக்குள்ளேயே வக்கீல்கள் இருந்தார்கள். இருபது ஆண்டுகள் மேடையில் பேசிப் பழகிய வாய், அந்த ஒரு நாளில் பயன்பட்டது.

சாராநகரில் வறுமை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாராயம் ஒழிந்துவிட்டது என்றும் சொல்லவில்லை. நாடகம் அரிசி வாங்கித் தராது. ஆனால் "உன் ஊர் எது?" என்று கேட்டால் தலை குனிந்த பிள்ளை, இன்று நிமிர்ந்து சொல்கிறது. இதை எந்த அரசாங்கமும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் தாங்களே உழைத்துப் பெற்றார்கள்.

பிளாட்பார டிக்கெட் உறவு

நான் ரயில்வேக்காரன். என் பாஷையில் சொல்கிறேன். பிளாட்பார டிக்கெட் வாங்கி உள்ளே வருபவர் அழுவார், கட்டிப்பிடிப்பார், ஜன்னல் வழியாகப் பிஸ்கட் பாக்கெட் நீட்டுவார். வண்டி நகர்ந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். அவர் அன்பு பொய்யில்லை. ஆனால் இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் பார்த்துக்கொள்வது எதிர் சீட்டில் உட்கார்ந்து கூடவே வருகிறவர்தான்.

ஏழைப் பிள்ளைகளைத் தேடி வரும் கலைத்தொண்டில் பெரும்பகுதி பிளாட்பார டிக்கெட்தான். கோடை விடுமுறையில் மூன்று நாள் முகாம் நடத்துவார்கள். நாளுக்கு ஆறு மணி என்றாலும் 18 மணி நேரம். வண்ணச் சட்டை, சான்றிதழ், குரூப் போட்டோ. நான்காம் நாள் பிள்ளை மறுபடியும் அதே சந்தில் நிற்கிறது. நாம் நடத்த நினைக்கும் வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி. ஆண்டுக்கு 45 வாரம் என்று வைத்தால் 180 மணி. ஏழு ஆண்டில் 1,260 மணி. 70 முகாம்களுக்குச் சமம். கணக்கு மட்டுமா? 70 முகாமில் 70 முகங்கள் வந்து போகும். இங்கே ஒரே முகம் ஏழு ஆண்டு கூடவே இருக்கும்.

கல்கத்தா சோனாகாச்சி கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். அங்கே பாலியல் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் புகைப்படக்காரர் ஒருவர் கேமரா கொடுத்துப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அதைப் பற்றிய ஆவணப்படத்துக்கு 2005இல் ஆஸ்கார் விருது கிடைத்தது. பிள்ளைகள் எடுத்த படங்கள் நல்ல படங்கள். அவர்களில் ஒரு பையன் அமெரிக்கா வரை போய்ச் சினிமா படித்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தாய்மாரின் சங்கம் எழுப்பிய ஆட்சேபணையையும் நாம் கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்காக நாங்கள் நடத்தும் போராட்டம் படத்தில் எங்கே, எங்களைக் கல்நெஞ்சக்காரிகள் போலக் காட்டியிருக்கிறீர்களே என்று கேட்டார்கள். தாயை ஒதுக்கிவிட்டுப் பிள்ளையை உயர்த்த முடியாது. நம் வகுப்பின் கமிட்டியில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் தாய்மாராக இருக்க வேண்டும் என்று தீர்மானத்தில் சேர்த்திருப்பது இதனால்தான்.

காஞ்சிபுரத்தில் ஒரு முயற்சி

நம் ஊரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கட்டைக்கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால் சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தகப்பனாரின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். கூத்து ஆட வேண்டும் என்றால் படிப்பைவிட வேண்டும், படிக்க வேண்டும் என்றால் கூத்தைவிட வேண்டும் என்ற நிலை அடுத்த தலைமுறைக்கு வேண்டாம் என்று நினைத்தார். 1990இல் கூத்துக் கலைஞர்கள் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். 2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகே குருகுலம் தொடங்கினார்கள். பகலில் பள்ளிப்பாடம், அதோடு ஆட்டமும் பாட்டும் மத்தளமும். தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. கூத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தாம் கட்டுவது வழக்கம். அந்த மேடையில் பெண்பிள்ளைகளையும் ஏற்றினார்கள். அவர்கள் கர்ணனாகவும் துரியோதனனாகவும் வேஷம் கட்டினார்கள்.

அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. இதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 18 ஆண்டுகளில் அங்கே வளர்ந்த பிள்ளைகள் மூடப்படவில்லை. அவர்களில் பலர் இன்றும் ஆடுகிறார்கள், கற்றுக்கொடுக்கிறார்கள். பெண்களே நடத்தும் குழுவும் உருவாகியிருக்கிறது. கட்டடம் போனாலும் கற்றது தங்குவதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும். அந்தக் காலத்தைத்தான் நான் உங்களிடம் கேட்கிறேன்.

யாருக்காகத் தொடங்கினோம், யார் வருகிறார்கள்?

இப்போது ஓர் எச்சரிக்கை. வெனிசுவேலா நாட்டில் 1975இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கு இசைக்குழுக்கள் அமைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அரசாங்கமே பணம் கொடுத்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். உலகமே பாராட்டியது, பல நாடுகள் அதைப் பார்த்து எழுதின. பிறகு அறிஞர்கள் சுமார் 3,000 பிள்ளைகளை வைத்து முறையாக ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டுப் பயிற்சியில் பிள்ளைகளின் தன்னடக்கத்தில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அறிவுத்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அதைவிட முக்கியமான செய்தி வேறு. ஏழைகளுக்காகத் தொடங்கிய அந்த வகுப்பில் சேர்ந்தவர்களில் ஏழைப் பிள்ளைகளின் பங்கு, அந்தப் பகுதிகளில் உள்ள ஏழைகளின் விகிதத்தைவிட மிகக் குறைவு!

ஏன் அப்படி? யாரும் சதி செய்யவில்லை. கதவைத் திறந்து வைத்தால் முதலில் வருவது, கொண்டுவந்து விட அம்மா உள்ள பிள்ளை. நேரம் உள்ள பிள்ளை. செருப்பு உள்ள பிள்ளை. நம் சங்கத்திலும் இதுதான் நடக்கும். வகுப்பு என்று அறிவித்தால் நாளைக்கே இருபது பேர் வருவார்கள். என் போன்ற ரயில்வே ஊழியர் பிள்ளைகள், பேங்க்காரர் பிள்ளைகள். அவர்களும் வரட்டும். ஆனால் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் அக்காவின் மகள் மாலையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். அவளைத் தேடி ஆசிரியர் வீட்டுக்குப் போக வேண்டும். வகுப்பு நேரத்தை அவள் வேலைக்கு ஏற்ப மாற்ற வேண்டும். முதல் இருபத்தைந்து இடங்களில் பதினைந்தை இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியைத்தான் மற்றவர்களுக்குத் திறக்க வேண்டும்.

எதிர்க் கேள்விகள்

"வேலைக்கு ஆகுமா?" இதற்கு நேரான பதில்: வேலை வாங்கித் தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2012இல் வெளிவந்த ஓர் அறிக்கை, ஏழைக் குடும்பப் பிள்ளைகளில் நெடுநாள் கலையில் ஈடுபட்டவர்கள் படிப்பிலும் பொதுக் காரியங்களிலும் முன்னே நிற்பதாகக் கணக்குக் காட்டியது. அதற்குக் கலைதான் காரணம் என்று அந்தக் கணக்கு நிரூபிக்கவில்லை. எனவே நான் பெரிய வாக்குறுதி தரமாட்டேன். பத்துப் பேர் முன்னால் தொண்டை நடுங்காமல் பேசுகிற பிள்ளை, சொன்ன நேரத்துக்கு ஒத்திகைக்கு வந்து பழகிய பிள்ளை, தன்னோடு ஆடுகிறவன் தவறினால் தாங்கிப் பிடிக்கத் தெரிந்த பிள்ளை, எந்த வேலைக்கும் கொஞ்சம் கூடுதல் பலத்தோடு போகும். அவ்வளவுதான் சொல்வேன்.

"பெண்பிள்ளைகளை எப்படி அனுப்புவது?" தாய்மார்கள் இதைக் கேட்காவிட்டால்தான் எனக்குக் கவலை. இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பார். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு கதவடைத்து இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012இல் வந்தது. அதைப் பற்றி ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் முதல் மாதத்திலேயே எடுத்துச் சொல்லப்படும். இரவு ஏழு மணிக்குமேல் வகுப்பு கிடையாது.

"பறையா கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்? அது சாவுக்கு அடிப்பதாயிற்றே!" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். தோழர்களே, சொந்த ஊரில் நிலத்தை விட்டோம், வீட்டை விட்டோம், கோயிலை விட்டோம். சாதியை மட்டும் பெட்டியில் மடித்து வைத்து ரயிலேற்றிக்கொண்டு வந்தோமே! இந்த ஊரில் நம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர்தான்: மதராசி. பறையும் இருக்கும், நாடகமும் இருக்கும், ஓவியமும் இருக்கும். எல்லாச் சாதிப் பிள்ளையும் எல்லாம் கற்கும். அதே சாலியில் குடியிருக்கும் தெலுங்கு, மராத்தி, குஜராத்திப் பிள்ளைகள் வந்தாலும் உட்கார வைப்போம். வகுப்பின் மொழி தமிழ். அவர்கள் நம் தமிழைக் கேட்கட்டும். நம் பிள்ளைகள் அவர்கள் பாட்டைக் கேட்கட்டும்.

"ஆசிரியருக்குச் சம்பளம் எதற்கு, தொண்டாக யாரும் செய்யமாட்டார்களா?" செய்வார்கள், ஆறு மாதம். பிறகு வீட்டில் தங்கைக்குக் கல்யாணம், ஷிப்ட் மாற்றம், ஊர் மாற்றம் என்று நின்றுவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. தொண்டுக்கு வந்தவரிடம் "நாளைக்கு ஏன் வரவில்லை?" என்று கேட்க முடியாது. ஏழு ஆண்டு ஒருவர் இருக்க வேண்டுமென்றால் அவர் வீட்டு அடுப்பும் ஏழு ஆண்டு எரிய வேண்டும். தொழிற்சங்கம் நடத்துகிற நாமே கூலியில்லா வேலை கேட்கலாமா?

"பொங்கலுக்கு மெல்லிசைக் குழு?" வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இருக்கிறது. கொஞ்சம் சிறிய குழுவாக வரும். சினிமா நடிகர் ஒருவர் வந்து கையாட்டுவது நின்றுபோகும். அந்த மேடையில் ஒரு மணி நேரத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முதல் ஆண்டு சுமாராகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் ஆண்டு வெளியிலிருந்து யாரை அழைப்பது என்று நீங்களே விவாதிப்பீர்கள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு

நான் வேலை பார்க்கும் பிரிவில் ஊழியர்களின் சர்வீஸ் ரிஜிஸ்டர்களைப் பராமரிக்கிறோம். ஒரு கேங்மேன் வேலையில் சேர்ந்த நாளில் அது திறக்கப்படுகிறது. பதவி உயர்வு, இடமாற்றம், லீவு, தண்டனை, பாராட்டு எல்லாம் அதில் ஏறும். எழுத்தர்கள் மாறுவார்கள், அதிகாரிகள் மாறுவார்கள், ரிஜிஸ்டர் மாறாது. முப்பது ஆண்டு கழித்து அவர் ஓய்வு பெறும்போது பென்ஷன் கணக்கு அதை வைத்துத்தான். ஒரு பக்கம் விட்டுப்போனால் அந்த மனிதர் படும் பாட்டை நான் தினமும் பார்க்கிறேன்.

நம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு நோட்டு வேண்டும். மதிப்பெண் போட அல்ல. என்று சேர்ந்தது, எது பிடிக்கிறது, எந்த மாதம் வராமல் நின்றது, யார் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள், எந்தப் பள்ளி விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோம், அப்பா விபத்தில் படுத்தபோது என்ன செய்தோம் என்று எழுத. பிள்ளைக்கோ தாய்க்கோ தெரியாமல் அதில் எதுவும் எழுதக்கூடாது. வெளியாருக்குக் காட்டவும் கூடாது. ஆசிரியர் மாற வேண்டி வந்தாலும் புதியவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்கக் கூடாது, விட்ட பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பிள்ளைகளை நாம் இழக்கும் வயது 14, 15. அப்போதுதான் பையன் முதல் கூலி வாங்குகிறான். பெண்ணுக்கு வரன் பேச்சு தொடங்குகிறது. வகுப்புக்கு வராமல் நிற்பதும் அப்போதுதான். வேறு இடங்களில் அதோடு பெயரை அடித்துவிடுவார்கள். நம் வகுப்பின் உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பம். வேலைக்குப் போகிற பையன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அவன் தாளம் சொல்லிக்கொடுக்கட்டும். சாராநகரில் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் உருவானது இப்படித்தான்.

தீர்மானம்

ஆகவே, தலைவர் அவர்களே, கீழ்க்கண்டவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஒன்று: பொங்கல் விழா நிதியில் மூன்றில் ஒரு பங்கு, தனிக் கணக்கில், ஏழு ஆண்டுகளுக்குக் கலைவகுப்புக்கே ஒதுக்கப்படும். நிர்வாகக் குழு மாறினாலும் இந்தக் கணக்கைத் தொடக்கூடாது.

இரண்டு: 25 பிள்ளைகள், அதில் 15 இடங்கள் கூலி, தள்ளுவண்டி, வீட்டுவேலைக் குடும்பங்களுக்கு. அவர்களை வீடு தேடிப் போய் அழைக்க வேண்டும்.

மூன்று: சம்பளத்துக்கு இரண்டு ஆசிரியர்கள், ஒருவர் பெண்.

நான்கு: கமிட்டியில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைகளின் தாய்மார்.

ஐந்து: ஆண்டுக்கு ஒருமுறை இந்த இதழில் கணக்கு வெளியிடப்படும். எத்தனை பேர் மேடையேறினார்கள் என்ற கணக்கு மட்டும் போதாது. எத்தனை பேர் நின்றுபோனார்கள், எத்தனை பேரைத் திரும்ப அழைத்து வந்தோம் என்ற கணக்கும் வேண்டும்.

ஏழு ஆண்டு உறுதி தர முடியாது என்று தோன்றினால், தோழர்களே, இன்றே தீர்மானத்தைத் தோற்கடித்துவிடுங்கள். எனக்கு வருத்தமிராது. பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு பள்ளி மூடப்பட்டதைப் பார்த்தவர்கள். நாம் ஒன்றைத் திறந்து இரண்டாம் ஆண்டில் மூடினால், இனி எந்தப் பெரியவர் பேச்சையும் அவர்கள் நம்பமாட்டார்கள். முடியும் என்று தோன்றினால் கையை உயர்த்துங்கள். உயர்த்தியவர்கள் பெயரைச் செயலாளர் எழுதிக்கொள்வார். அடுத்த வாரம் வீடு தேடிப் போகும் வேலை உங்களில் இருந்துதான் தொடங்கும்.



(தீர்மானத்தின் மீது விவாதம் நடந்தது. ஐந்தாவது பிரிவில், கணக்கை ஆண்டுக்கு இருமுறை வெளியிட வேண்டும் என்று தாய்மார்கள் தரப்பில் கொண்டுவந்த திருத்தத்துடன் தீர்மானம் நிறைவேறியது. வகுப்பில் சேர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் சங்க அலுவலகத்தில் மாலை வேளைகளில் தகவல் பெறலாம். — ஆசிரியர் குழு)